நாற்பது பேர் வருவதற்கு முன்: புதுவீட்டு விருந்துக்கு வீட்டைத் தயார்செய்த பதிவு

புதுவீட்டில் விருந்து வைப்பது என்று முடிவானதும் நாங்கள் முதலில் எழுதியது உணவுப் பட்டியலைத்தான். அந்தத் தாள் இரண்டு நாட்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில், கை கழுவும் குழாயில் தண்ணீர் நூலாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நாற்பது பேர் இந்தக் குழாயடியில் வரிசையில் நிற்பது மனக்கண்ணில் வந்து போனது. நால்வர் புழங்கும் வீட்டில் அது ஒரு சிறு தொல்லை, அவ்வளவுதான். நாற்பது பேர் ஒரே மாலையில் புழங்கும்போது அதுவே விருந்தின் முதல் நினைவாகிவிடும். பட்டியலைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் வீட்டு வேலைகளை எழுதத் தொடங்கினேன். விருந்துக்கு அப்போது 21 நாட்கள் இருந்தன.

பழைய வீட்டின் குறைகள் அதில் வாழ்பவருக்குத் தெரியும். எந்தக் கதவை எப்படித் தூக்கி மூட வேண்டும் என்பது கைக்கே பழகியிருக்கும். புதுவீட்டின் குறைகளோ எவருக்கும் தெரியாமல் காத்திருக்கின்றன. ஆகவே விருந்தை வீட்டின் முதல் முழுச்சுமைச் சோதனை என்று எடுத்துக்கொண்டேன். சமையலை மற்றவர்களிடம் ஒப்படைக்கலாம், வெளியிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் தாழ்ப்பாளையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர்தான் பார்த்தாக வேண்டும்.

குழாயிலிருந்தே தொடங்கினேன். குழாய் முனையில் இருக்கும் சிறு வலைவடிகட்டியை, கீறல் விழாமலிருக்க ஒரு துணியைச் சுற்றி, இடுக்கியால் மெல்லத் திருகிக் கழற்றினேன். உள்ளங்கையில் கவிழ்த்தபோது விழுந்தவை இவை: பிவிசி குழாயை அறுத்தபோது உதிர்ந்த வெள்ளைச் சுருள்கள், நான்கைந்து மணல் துகள்கள், கட்டுமானத்தின்போது சுற்றிய டெஃப்லான் டேப்பின் ஒரு நீளமான இழை. அந்த இழைதான் வலையின் பாதியை மூடியிருந்தது. வடிகட்டியைக் கழற்றிய நிலையிலேயே குழாயை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டதில் இன்னும் கொஞ்சம் மணல் வந்தது. கழுவி மாட்டியதும் நீர் சீராக விழுந்தது. வீட்டிலிருந்த ஏழு குழாய்களுக்கும் இதையே செய்தேன். ஐந்தில் குப்பை இருந்தது.

அதே குப்பை கழிவறைத் தொட்டியின் நீர்வழியிலும் இருக்கும் என்று எண்ணியது வீண்போகவில்லை. ஃப்ளஷ் செய்த பிறகு தொட்டி மீண்டும் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன்: 2 நிமிடம் 40 நொடி. இருவர் அடுத்தடுத்துச் சென்றால் இரண்டாமவருக்குப் பாதித் தொட்டி நீர்தான் கிடைக்கும். தொட்டிக்கு வரும் நீரை நிறுத்தும் ஆங்கிள் வால்வை மூடி, தொட்டிக்குச் செல்லும் இணைப்புக் குழாயைக் கழற்றினால், நீர் நுழையும் வாயில் விரல்நுனி அளவுள்ள ஒரு வடிகட்டி இருக்கும். அதைச் சுத்தம் செய்த பிறகு 55 நொடியில் தொட்டி நிரம்பியது. கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டி நீரில் சில சொட்டு உணவு வண்ணத்தைக் கலந்துவிட்டு, கால் மணி நேரம் எவரும் பயன்படுத்தாமல் விட்டேன். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் அடியிலுள்ள ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை என்று பொருள். எங்கள் வீட்டில் நிறம் இறங்கவில்லை.

தண்ணீரின் மொத்த அளவையும் தோராயமாகக் கணக்கிட்டேன். ஃப்ளஷ் செய்ய ஒரு முறைக்கு 6 லிட்டர் வீதம் அறுபது முறை என்றால் 360 லிட்டர். கை கழுவுவதற்கும் பாத்திரத்துக்கும் சேர்த்து 600 லிட்டர் போதும். மேல்நிலைத் தொட்டி 1000 லிட்டர் என்பதால், அன்று மதியம் அது நிறைந்திருக்க வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

விருந்தினர் பயன்படுத்தவிருந்த குளியலறையில் ஒரு மெல்லிய சாக்கடை நாற்றம் இருந்தது. தரையைத் தேய்த்தும் போகவில்லை. மணப்பொருள் வைத்தால் இரண்டும் கலந்து இன்னும் மோசமானது. காரணம் மிக எளியது. தரைவடிகாலின் அடியில் வளைந்த பகுதியில் எப்போதும் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்று, கீழிருந்து வரும் வாயுவை மறிக்க வேண்டும். வீடு கட்டி முடிந்து பல மாதங்கள் பூட்டியே கிடந்ததால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிட்டிருந்தது. ஒரு குவளை நீரை ஊற்றினேன். மாலைக்குள் நாற்றம் அடங்கிவிட்டது. அதிகம் புழங்காத வடிகாலாக இருந்தால், ஊற்றிய நீரின்மேல் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டால் அது மேலே படலமாக நின்று ஆவியாவதைத் தாமதப்படுத்தும். குடிவந்த முதல் நாளே வீட்டின் எல்லா வடிகால்களிலும் நீர் ஊற்றியிருக்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

கூடத்துக்கு வண்ணம் அடிப்பதை விருந்துக்கு இருபது நாட்கள் முன்பே முடித்துவிட்டோம். எமல்ஷன் ஓரிரண்டு மணி நேரத்தில் கைக்குக் காய்ந்துவிடுகிறது; ஆனால் அது முழுமையாக இறுகச் சுமார் ஒரு மாதம் வரை ஆகும். அதுவரை சூடான சூழலில் அழுத்தம் பட்டால் ஒட்டும். எனவே நாற்காலிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே போட முடிவுசெய்தேன். சமையல் மேடையின் விளிம்பில் நீர் இறங்காமலிருக்கச் சிலிக்கோன் பசை பூசும் வேலையையும் அந்த வாரமே செய்தேன். அதற்கு ஒரு நாள் முழுக்க நீர் படாத ஓய்வு வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, விருந்துக்குப் பத்து நாட்கள் முன்பு ஓர் ஒத்திகை வைத்தோம். நெருங்கிய உறவினர் எட்டுப் பேரை மட்டும் மாலை உணவுக்கு அழைத்தோம். ஒத்திகை என்று சொல்லாமல் அழைத்தால் அவர்கள் நாகரிகம் கருதிக் குறைகளைச் சொல்லாமல் போய்விடுவார்கள் என்பதால், வெளிப்படையாகவே சொல்லி அழைத்தோம். இந்த முழு முயற்சியிலும் நாங்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான். அந்த ஒரே மாலையில் மூன்று குறைகள் வெளிப்பட்டன.

முதலாவது, கதவு. சாப்பிட்டு முடித்து அக்கா குளியலறைக்குச் சென்றார். சிறிது நேரத்தில் உள்ளிருந்து, “தாழ்ப்பாள் நகர மாட்டேங்குதுடா” என்று குரல் வந்தது. கைப்பிடி சுழன்றது, தாழ்நாக்கு மட்டும் சட்டத்தின் தகட்டுக்குள் சிக்கிக்கொண்டு பின்வாங்க மறுத்தது. வெளிப்பக்கக் கைப்பிடியின் நடுவில் ஒரு காசைச் செருகித் திருப்பக்கூடிய பள்ளம் இருக்கும் என்பது தெரியும். அன்றுவரை அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. திருப்பியபோது பூட்டு விடுபட்டது. ஆயினும் கதவைத் தோளால் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்த பிறகே திறந்தது. அக்கா உள்ளே இருந்தது ஐந்து நிமிடம்தான். வெளியே வந்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. அவர் இடத்தில் ஒரு குழந்தையோ, புதிதாக அறிமுகமான ஒருவரோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கதவுடன் மூன்று மணி நேரம் செலவிட்டேன். முதலில் தாழ்நாக்கின் முனையில் நீலச் சாக்குக்கட்டியைத் தேய்த்து, கதவை மூடித் திறந்து பார்த்தேன். நிலையில் பதித்திருந்த தகட்டின் துளைக்கு நேராகப் படிய வேண்டிய நீலத் தடம், துளையின் கீழ்விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே விழுந்திருந்தது. அதாவது கதவு தொங்கிவிட்டது. இதைக் கண்டதும் தகட்டை அரத்தால் ராவிவிடத்தான் கை பரபரக்கும். அப்படிச் செய்தால் கதவு தொடர்ந்து தொங்கும், சில மாதங்களில் மீண்டும் சிக்கும். தொங்குவதற்கான காரணம் கீலில் இருக்கும் என்பதால் அங்கே பார்த்தேன். மேல்கீலின் மூன்று திருகாணிகளில் இரண்டு, திருப்புளியால் எவ்வளவு திருப்பினாலும் இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தன. மரத்தில் அவற்றுக்கான துளை அகன்றுபோயிருந்தது.

கதவின் அடியில் ஓர் ஆப்பைச் செருகிச் சுமையைத் தாங்கச் செய்துவிட்டு, அந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றினேன். மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஒவ்வொரு துளையிலும் மூன்று நான்காக இறுகச் செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே இறக்கினேன். ஓர் இரவு காயவிட்டு, துருத்திய முனைகளைக் கத்தியால் மட்டமாக வெட்டி, நடுவில் ஓர் ஆணியால் சிறு குழி செய்துகொண்டு அதே திருகாணிகளை மீண்டும் முடுக்கினேன். இந்த முறை கடைசிச் சுற்றில் திருப்புளி கையை எதிர்த்தது. கீல் மரத்தோடு இறுகும் அந்த எதிர்ப்பைக் கையில் உணர்வதில் தனி நிறைவு இருக்கிறது. மீண்டும் சாக்குக்கட்டிச் சோதனை செய்தபோது தடம் ஒன்றரை மில்லிமீட்டர் மேலேறியிருந்தது. மிச்சமிருந்த அரை மில்லிமீட்டருக்கு மட்டும் தகட்டின் கீழ்விளிம்பைத் தட்டை அரத்தால் ராவினேன். கடைசியாக, புது வண்ணம் பூசிய கதவு விளிம்பு நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது உரிவது போன்ற ஓசை எழுந்ததற்கு, இரு விளிம்புகளிலும் முகப்பவுடரைத் துணியால் தேய்த்துவிட்டேன். வீட்டிலுள்ள நான்கு குளியலறை, படுக்கையறைக் கதவுகளையும் உள்ளே தாழிட்டு, வெளியிலிருந்து காசால் திறந்து பார்த்தேன். அந்தக் காசை நிலையின் மேல்விளிம்பில் நிரந்தரமாக வைத்துவிட்டேன்.

இரண்டாவது குறை மின்சாரம். ஒத்திகையன்று சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், மைக்ரோவேவ் மூன்றும் ஒன்றாக ஓடின. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சமையலறை இருண்டது. முதல் இரண்டும் தலா 2000 வாட், மைக்ரோவேவ் இழுப்பது 1300 வாட். ஆக 5300 வாட். 230 வோல்ட்டில் இது சுமார் 23 ஆம்பியர். அந்த மின்வழிக்கு இருந்த எம்சிபியோ, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சோ, 16 ஆம்பியருக்கானது. அது ஏன் உடனே விழவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. மின்குறுக்கு (ஷார்ட் சர்க்யூட்) நேர்ந்தால் எம்சிபியின் உள்ளிருக்கும் மின்காந்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். அளவுக்கு மீறிய சுமைக்கு அதில் வேறு ஏற்பாடு இருக்கிறது: ஈருலோகப் பட்டை ஒன்று சூடேறி மெதுவாக வளைந்து துண்டிக்கும். மிகுதி எவ்வளவு குறைவோ அவ்வளவு தாமதமாகும். அந்த இருபது நிமிடமும் கம்பி சூடேறிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கெட்டிலை இணைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கைத் தொட்டபோது கை சுட்டது. அதன் கம்பியும் அழகுக்காகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. சுருட்டிய கம்பியில் வெப்பம் வெளியேற வழியில்லை என்பதால் அதிகச் சுமைக்குப் பயன்படுத்தும்போது முழுதாகப் பிரித்தே விட வேண்டும். அதைவிட நல்லது, அத்தகைய சுமையைச் சுவரிலுள்ள பெரிய பிளக் பாயிண்டிலேயே கொடுப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் சேர்ந்து வீட்டின் மின்வரைபடத்தைத் தயாரித்தோம். நான் எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். அவள் கைப்பேசிச் சார்ஜரை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்று எந்தெந்தப் பிளக் பாயிண்ட் செத்திருக்கிறது என்று கூவினாள். கூடத்தின் பாயிண்டுகளில் ஒன்று சமையலறை வழியிலேயே இருப்பது அப்படித்தான் தெரிந்தது. விருந்தன்று கெட்டிலைக் கூடத்தின் மறுகோடிக்கு, தனி வழியில் இருந்த பாயிண்டுக்கு மாற்றினோம். இதனால் பானம் எடுப்பவர்களின் கூட்டமும் சமையலறை வாசலிலிருந்து விலகிவிட்டது. அந்த வரைபடம் இப்போது மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது.

மூன்றாவது குறையை எவரும் குறையென்று சொல்லவில்லை. ஒத்திகை முடிந்து எல்லோரும் புறப்படும்போது, பெரியம்மா மட்டும் மிகவும் களைத்திருந்தார். அவர் செவிக்கருவி அணிபவர். எப்போதும் நிறையப் பேசுபவர், அன்று மாலை முழுவதும் புன்னகையுடன் தலையாட்டிக்கொண்டிருந்தாரே தவிர, பேசவில்லை. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீடு நல்லா இருக்கு ராசா. யாரு என்ன பேசுறாங்கன்னுதான் எனக்குப் பிடிபடலை” என்றார். எட்டுப் பேர் இருந்தபோதே அவர் தனித்துவிட்டார் என்றால் நாற்பது பேர் நடுவில் என்ன ஆவார்?

அவர்கள் போன பிறகு கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினேன். அந்த ஒலி மங்கி அடங்க மூன்று நொடிக்கு மேல் ஆயிற்று. எங்கள் கூடம் 7 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். தரை முழுக்க டைல்ஸ், சுவர் முழுக்க வழவழப்பான பூச்சு, திரையில்லாத சன்னல்கள், மரநாற்காலிகள். சோபா அப்போது வந்திருக்கவில்லை. ஒலியை விழுங்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

இந்தச் சிக்கலை முதன்முதலில் அளந்து தீர்த்தவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரை அரங்கில், பேசுபவர் சொல்வது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்தரை நொடி வரை அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. சபைன் இரவு நேரங்களில் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, சிறிது சிறிதாக அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து அவர் கண்ட விதி இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை அதிலுள்ள மொத்த ஒலியுறிஞ்சும் பரப்பால் வகுத்து, 0.161ஆல் பெருக்கினால், ஒலி அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும்.

எங்கள் கூடத்தின் கன அளவு 105 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 142 சதுர மீட்டர். வழவழப்பான கடினப் பரப்பு தன்மேல் விழும் ஒலியில் சுமார் 3 சதவீதத்தையே விழுங்கும் என்று கொண்டால், உறிஞ்சும் பரப்பு 4 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஒலி அடங்க ஏறத்தாழ 4 நொடி. மனித உடல் ஒவ்வொன்றும் அரைச் சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் என்பதால், எட்டுப் பேர் வந்தபோது அது 2 நொடியாகக் குறைந்திருக்கும். பேச்சு தெளிவாக விளங்குவதற்கு அது போதாது. ஆட்கள் கூடினால் இன்னும் உறிஞ்சுமே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. கூடியவர்கள் பேசவும் செய்வார்கள். சுற்றிலும் இரைச்சல் இருக்கும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விளக்கியதால் இதை லொம்பார் விளைவு என்றே அழைக்கிறார்கள். ஒருவர் குரலை உயர்த்த, அடுத்தவரும் உயர்த்த, அறையே கத்தத் தொடங்கிவிடும். ஆகவே எதிரொலியைத்தான் குறைக்க வேண்டும்.

திரைச்சீலைகளைச் சன்னலின் அகலத்தைப் போல் இரு மடங்கு துணியில், தடிப்பான நெசவில் வாங்கினோம். மெல்லிய துணியை இழுத்து விறைப்பாக மாட்டினால் ஒலிக்குப் பயனில்லை. மடிப்பு விழத் தொங்க வேண்டும். அவை 10 சதுர மீட்டர். பாதியளவு ஒலியை விழுங்கும் என்று கொண்டால் 5 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு கிடைத்தது. அக்கா தன் வீட்டிலிருந்த 3 மீட்டருக்கு 4 மீட்டர் கம்பளத்தை இரவல் தந்தார். அடியில் ஒரு தடித்த விரிப்பைப் போட்டு அதை விரித்தோம். சோபாவும் அந்த வாரமே வந்தது. ஒரு சுவர் ஓரம் புத்தக அலமாரியை நிறைத்து வைத்தேன். புத்தகங்களின் ஒழுங்கற்ற முதுகுகள் ஒலியைச் சிதறடிக்க உதவும். நாற்காலிக் கால்கள் அனைத்திலும் கம்பளித் துண்டுகளை ஒட்டினோம். செவிக்கருவி அணிபவர்களைப் பாத்திர ஓசையும் நாற்காலி இழுபடும் கிறீச்சும் மிகவும் வதைக்கும் என்று பெரியம்மாவிடம் கேட்டறிந்ததால், தட்டுகள் அடுக்கும் மேசைமேல் தடித்த துணியை விரித்தோம். மீண்டும் கைதட்டியபோது ஒரு நொடிக்குள் அடங்கியது. அந்த வேறுபாட்டை என் மனைவி உள்ளறையிலிருந்தே உணர்ந்து, “இப்போதான் வீடு மாதிரி இருக்கு” என்றாள்.

அழைப்பில் நேரத்தை இரண்டாகப் பிரித்தோம். முதியவர்களையும் குழந்தைகள் உள்ளவர்களையும் 4 மணிக்கும், நண்பர்களை 6 மணிக்கும் வரச் சொன்னோம். எவரையும் கிளம்பச் சொல்வதில்லை. ஆனாலும் கூட்டம் ஒரே நேரத்தில் குவிவது இதனால் குறையும். உணவில் எதுவும் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்குமாறும் அதிலேயே கேட்டிருந்தோம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் சென்று, எத்தனை மணி வரை ஆட்கள் இருப்பார்கள் என்று சொல்லி, அவர்களையும் அழைத்தோம்.

உணவு மேசையைச் சுவரோடு ஒட்டாமல் 90 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டதால் இரு பக்கமும் வரிசை நகர முடிந்தது. தட்டு தொடக்கத்தில், கரண்டியும் கைத்துடைப்புத் தாளும் கடைசியில். முதலிலேயே அவற்றை எடுத்தால் பரிமாறிக்கொள்ளக் கை மிஞ்சாது. சமைத்த உணவைப் பொறுத்தவரை ஒரே விதியில் உறுதியாக நின்றோம்: 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் வெளியில் இருக்கக் கூடாது. எனவே பெரிய பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவராமல் சிறு பாத்திரங்களில் வைத்து, தீர்ந்ததும் பாத்திரத்தோடு மாற்றினோம். பழையதன் மேலேயே புதியதைக் கொட்டவில்லை.

பானங்களைக் குளிர்விக்கக் குளிர்பதனப் பெட்டியை நம்பவில்லை. 30 லிட்டர் வெதுவெதுப்பான பானத்தை ஒரே மதியத்தில் அதனுள் திணித்தால், உள்ளே ஏற்கனவே இருக்கும் உணவும் சூடேறிவிடும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்ளும். 30 லிட்டரை 30 பாகையிலிருந்து 5 பாகைக்கு இறக்கச் சுமார் 9 கிலோ போதும். புட்டிகளும் தொட்டியும் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தையும் கணக்கிட்டு 15 கிலோ வாங்கினோம். பனிக்கட்டியோடு தண்ணீரும் ஊற்ற வேண்டும். வெறும் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். தண்ணீர் புட்டியை முழுதும் தழுவிக்கொள்வதால் விரைவில் குளிரும்.

அமைதியாக இருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். நாற்பது பேர் என்றால் 4 கிலோவாட், அதாவது இரண்டு அறைச்சூடேற்றிகள். முதல் விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்தோம். பின்வாசல் கண்ணாடிக் கதவில், பெரியவரின் கண்மட்டத்திலும் குழந்தையின் கண்மட்டத்திலும் வண்ணக் காகிதப் பூக்களை ஒட்டினோம். சுத்தமாகத் துடைத்த கண்ணாடி திறந்த வாசல் போலவே தோன்றும். வண்ணக் கரைப்பான், கருவிகள், துப்புரவு மருந்துகள் ஆகிய அனைத்தையும் பொருளறையில் வைத்துப் பூட்டினோம். கூடத்திலிருந்து பின்திண்ணைக்கு இறங்கும் 12 சென்டிமீட்டர் படியின் ஓரத்தில் ஓர் எல்இடி பட்டையும் ஒட்டினேன்.

விருந்துக்கு 43 பேர் வந்தார்கள். அதிகபட்சமாக ஒரே நேரத்தில் இருந்தவர்கள் 28 பேர். மாலை 6 மணியை ஒட்டி அது நேர்ந்தது. மின்சாரம் ஒரு முறையும் போகவில்லை. குளியலறைக் கதவு எத்தனை முறை திறந்து மூடியதோ தெரியாது, எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. படி மட்டும் என்னை ஏமாற்றியது. எல்இடி பட்டை இருட்டில்தான் தெரியும். மாலை வெயில் திண்ணையில் பளீரென்று விழும்போது படியும் தரையும் ஒரே பரப்பாகத் தோன்றியதால் ஒரு சிறுவன் தடுக்கி விழுந்தான். நல்லவேளையாக அடியேதும் படவில்லை. உடனே படியின் இருபுறமும் பூந்தொட்டிகளை வைத்து வழியைக் குறுக்கினோம். குப்பைத் தொட்டி ஒன்றே ஒன்று வைத்ததும் தவறு. ஏழு மணிக்கே நிரம்பி வழிந்தது. பானங்கள் இருந்த பக்கம் இன்னொன்று வைத்திருக்க வேண்டும்.

பெரியம்மாவின் நாற்காலியைத் திரைச்சீலைக்கு முதுகு காட்டி, சமையலறையிலிருந்து தொலைவான மூலையில் போட்டிருந்தோம். எதிரே இரண்டே இருக்கைகள். அதனால் ஒரு நேரத்தில் இருவர் மட்டுமே அவரோடு உட்கார முடிந்தது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போன போதெல்லாம் அவர் குரலே கேட்டது. ஒருமுறை என் நண்பர் ஒருவரிடம், என் தந்தை சிறுவனாக இருந்தபோது கூரையேறி இறங்கத் தெரியாமல் அழுததை விவரித்துக்கொண்டிருந்தார். நான் அதுவரை கேட்டிராத கதை அது. தட்டுகளோடு அங்கேயே நின்று கேட்டு முடித்தேன். கடைசி ஆளாக அவர் 9 மணிக்குப் புறப்பட்டார்.

மறுநாள் படியின் விளிம்பில் கறுப்பு வழுக்காப் பட்டை ஒட்டினேன். பகலிலும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. மேல்கீலின் திருகாணிகளை ஒருமுறை சோதித்தேன்; அசையவில்லை. அதற்கடுத்த நாள் கம்பளத்தைச் சுருட்டி அக்காவிடம் சேர்த்துவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் நின்று கைதட்டினேன். திரைகள் இருந்தும் ஒலி ஒரு நொடியைத் தாண்டி இழுத்தது. அளவுநாடாவை எடுத்து, கம்பளம் கிடந்த இடத்தை மீண்டும் அளந்து, மூன்றுக்கு நான்கு என்று தாளில் குறித்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.